கடற்படைத் தூணுக்குச் சாரம் கட்டினோம்

வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கும் வேலையை என் மனைவி ரீற்றா என்னிடம் விடுவதில்லை. நான் கோப்பையை நீட்டினால் நீட்டினபடியே பிடித்துக்கொண்டிருப்பேன். வாங்குகிறவர் பிடித்துவிட்டார் என்று கண்ணுக்குத் தெரிந்தாலும் என் கை விடாது. அவர் இழுப்பார், நான் விடமாட்டேன், கடைசியில் தேத்தண்ணி யாருடைய மடியிலாவது ஊற்றும். போன ஈஸ்டருக்குப் பங்குச் சுவாமியின் வெள்ளை அங்கியில் ஊற்றியது. "குறை நினையாதேங்கோ சுவாமி, நீங்கள் 'ஹாப்' சொல்லியிருக்க வேணும்," என்று ரீற்றா விளக்கம் சொன்னாள். சுவாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கொம்பனியில் வருஷக் கடைசி விருந்துக்கு ஓய்வு பெற்றவர்களையும் கூப்பிடுவார்கள். அங்கேயும் இதே கூத்துத்தான். பியர் போத்தலைக் கொடுத்துவிட்டு விடாமல் நின்றேன். இப்போது வேலை செய்கிறவர்களுக்கு என்ன தெரியும்? சாமான் எல்லாம் மின்சார லிஃப்டில் மேலே போகிறது. தலைக்கவசத்துக்குள்ளேயே வானொலி. "இது என்ன பழக்கம் ரோனி?" என்று கேட்டார்கள். அரைகுறையாகச் சொல்லிச் சமாளித்தேன். முழுக்கச் சொல்வதானால் லேமனைப் பற்றியும் அந்தத் தூணைப் பற்றியும் சொல்லவேண்டும். அந்தத் தூணடியில்தான் லேமனை இழக்கப் பார்த்தேன். அவர் விழவில்லை, நானும் விழவில்லை. வேறு விதமான இழப்பு அது.

என் பெயர் அன்ரன், வேலையிடத்தில் எல்லோருக்கும் ரோனி. மன்னார்க்காரன். அகதியாக ஜேர்மனிக்கு வந்து, வேலை செய்ய அனுமதி இல்லாமல் முகாமில் சுவரைப் பார்த்தபடி இருந்து, பிறகு உணவகத்தில் கோப்பை கழுவி, பிறகு கிழக்குப் பக்கம் எங்கே பார்த்தாலும் கட்டடம் திருத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டு டிரெஸ்டன் பக்கம் போய், சாரக்கட்டு வேலையில் சேர்ந்தேன். ரீற்றா ஊருக்குத் தொலைபேசியில், "இவர் இப்ப சாரம் கட்டுற வேலை," என்று சொல்ல, மாமி, "அதுக்கும் அங்கை சம்பளம் குடுக்கிறாங்களோ?" என்று கேட்டாவாம். எங்கள் ஊரில் சாரம் என்றால் இடுப்பில் கட்டுவது. இன்றைக்கும் மச்சான்மார் அதைச் சொல்லித்தான் என்னைப் பகிடி பண்ணுவார்கள்.

லேமன் எங்கள் குழுத் தலைவர். நல்ல உயரம், அகன்ற தோள், ஆனால் குரல் மட்டும் பூனைக்குட்டிக் குரல். சத்தம் போட்டு நான் கேட்டதேயில்லை. அவர் பேசியது அந்தப் பக்கத்து ஜேர்மன். எத்தனையோ வருஷம் கேட்டுக் கேட்டு அது எனக்குள் எங்கள் தமிழாகவே பதிந்துவிட்டது, அப்படியேதான் எழுதுகிறேன். காலையில் வேலை தொடங்கமுன் ஒவ்வொருவருக்கும் கை கொடுப்பார். கொடுக்கமுன் வலது கையுறையைக் கழற்றுவார். மார்கழிக் குளிரில் விரல் விறைத்துப்போனாலும் கழற்றுவார். "கையுறைக்குக் கை குடுத்து என்ன பிரயோசனம்?" என்பார்.

சேர்ந்த முதல் நாளே அவர் எனக்குச் சொன்ன பாடம் ஒன்றுதான். சாரக்கட்டின் இரும்புச் சட்டங்கள் ஆள் மாறி ஆள் கையால் மேலே போகும். தட்டுக்கு ஒருவர் நிற்போம். கீழே நிற்கிறவன் தலைக்கு மேலே தூக்கிக் கொடுப்பான், மேலே நிற்கிறவன் குனிந்து வாங்குவான். வாங்கினவன் "ஹாப்" என்று சொல்லவேண்டும். பிடித்துவிட்டேன் என்று பொருள். அந்தச் சொல் காதில் விழும்வரை கொடுத்தவன் கையை எடுக்கக்கூடாது. சாரத்தைப் பிரிக்கும்போது மேலிருந்து கீழே அதே மாதிரி.

"அவன் பிடிச்சிட்டது எனக்கு வடிவாத் தெரியுதே," என்று நான் ஒருநாள் சொன்னேன்.

"உனக்குத் தெரியுது. அவனுக்குத் தெரியுமோ?" என்று லேமன் கேட்டார்.

கோபத்தில் இருந்தாலும் சொல்லவேண்டும். முந்தின நாள் தங்களுக்குள் அடிபட்டுக்கொண்ட இருவர் அடுத்தடுத்த தட்டில் நின்று, முகம் பாராமல், நாள் முழுக்க "ஹாப்", "ஹாப்" என்று சொன்னதை நான் கண்டிருக்கிறேன். கட்டி முடிந்ததும் லேமன் தனியே ஏறி, ஒவ்வொரு பலகையிலும் குதிக்காலால் ஓங்கி மிதித்து, குழாய்களை இணைக்கும் ஒவ்வொரு பூட்டிலும் சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்டு இறங்கி வருவார். "இப்பிடியே விடலாம்," என்பார். அவரிடமிருந்து கிடைக்கும் பெரிய பாராட்டு அதுதான். அதற்காக நாங்கள் ஏங்குவோம்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஊரில் சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். ஒரு பழைய அரண்மனைப் பூங்காவில் எங்களுக்கு வேலை வந்தது. குளத்து நடுவில் சின்னத் தீவு. அதில் வானத்தைத் தொடப் பார்க்கிற மாதிரி ஒரு கல் தூண், உச்சியில் வெண்கலக் கழுகு. தூணின் நாலு பக்கமும் வெண்கலக் கப்பல் முகப்புகள், கல்லைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தவை போல நீட்டிக்கொண்டு நிற்கும். கடற்போர் வெற்றிகளின் நினைவுத் தூண் என்றார்கள். தூணை நட்ட அரண்மனைப் பிரபுவின் நாட்டுக்குக் கடலே கிடையாது. தம்பிக்காரன் வேறொரு அரசனின் கடற்படையில் போய் வென்றானாம், அண்ணன் குளத்துக்குள் தூண் நட்டுவிட்டான். லேமனுக்கு அந்த முகப்புகள் எல்லாம் "மூக்கு". அதனால் எங்களுக்கும் மூக்குத்தான்.

"ரோனி, நீ கடற்கரை ஆள். உண்மையான கப்பலுக்கு மூக்கு இப்பிடியோ இருக்கும்?" என்று கேட்டார்.

மன்னார் என்றால் எல்லோரும் மீன்பிடிகாரர் என்று நினைப்பு. என் அப்பா தையல்காரர். வள்ளத்தைக் கண்டாலே எனக்குச் சத்தி வரும். இராமேசுவரத்துக்குத் தப்பி ஓடிய அன்று வழிநெடுக ஓங்காளித்துக்கொண்டே போனேன், வள்ளத்துக்கு மூக்கு இருந்ததா வால் இருந்ததா என்று பார்க்கவில்லை. இதைச் சொன்னதும் லேமன் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார். ஆனால் அந்தத் தூணை அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் மனம் ஒருமாதிரி ஆகும். எங்கள் கடலிலும் சண்டை நடந்தது. இரண்டு பக்கமும் வெற்றி என்றுதான் அறிவித்தார்கள். கரையில் கிடந்த எங்களுக்கு அது வெற்றியாகத் தெரியவில்லை.

தூணில் ஒரு துளை போடவும் அனுமதி இல்லை. வழக்கமாகச் சாரத்தைச் சுவரில் ஆணியடித்துக் கட்டுவோம். இங்கே கல்லைத் தொடாமல், கால்களுக்குக் கொங்கிறீற் பாரம் வைத்து, தன் காலிலேயே நிற்கிற கோபுரமாக ஏற்றவேண்டும். காற்றுக்கு அது நிற்குமா என்று கணக்குப் பார்க்க டிரெஸ்டனிலிருந்து ஒரு பொறியியலாளர் வந்தார். தலைக்கவசத்துக்குக் கீழே நீண்ட பின்னல். நான் மேலே இறுகிப்போன ஒரு பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். இறங்கியதும் அந்தப் பிள்ளை ஓடி வந்தது.

"அண்ணா, நீங்க தமிழா? மேல யாரையோ பயங்கரமா திட்டிட்டு இருந்தீங்களே!"

"ஓம் பிள்ளை. ஆளை இல்லை, பூட்டைத்தான் பேசினனான்."

பெயர் தீபா, ஊர் திருநெல்வேலி. படித்து முடித்து முதல் வேலை. அன்றிலிருந்து அவளுக்கும் சேர்த்து ரீற்றா சாப்பாடு கட்டித் தந்தாள். அவள் அந்தப் புட்டைச் சாப்பிடுகிற வேகத்தைப் பார்த்து, "இந்தப் பிள்ளைக்கு வீட்டிலை ஒருத்தரும் சாப்பாடு குடுக்கிறேல்லையோ?" என்று லேமன் கவலைப்பட்டார்.

அது லேமனின் கடைசி வேலை. முடிந்ததும் ஓய்வு. அளவு எல்லாம் அவரே எடுத்தார், அந்த அளவை வைத்துத் தீபா வரைந்தாள், நாங்கள் கட்டினோம். தூணில் இருந்த மூன்று மூக்குகளுக்கும் நேரே, நிமிர்ந்து நிற்கும் கால் குழாய்கள் வராமல் அகலமாக வாசல் விட்டிருந்தோம். அரண்மனையைப் பார்த்த பக்கத்து மூக்கு அப்போது தூணில் இல்லை. வெடிப்புத் திருத்தக் குளிர்காலத்திலேயே கழற்றி வெண்கலப் பட்டறைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். கல்லில் இரண்டு இரும்பு முளை மட்டும் எட்டிப் பார்த்தன. கட்டி முடிய லேமன் ஏறி மிதித்து, தட்டி, இறங்கி வந்து, "இப்பிடியே விடலாம்," என்றார்.

திருத்திய மூக்கு வந்த நாளில் எங்கள் கொம்பனி முதலாளி, தூணுக்குப் பொறுப்பான கட்டடக் கலைஞர், அரண்மனை ஆட்கள் எல்லோரும் கரையில் கூடியிருந்தார்கள். கிரேன் அந்தப் பெரிய வெண்கலத்தைத் தூக்கிக் குளத்துக்கு மேலால் கொண்டுவந்தது. வெயிலில் மின்னியது. நான் மேல்தட்டில் நின்று கயிற்றைப் பிடித்து வழிகாட்டினேன். சாரத்தடிக்கு வந்ததும் நின்றுவிட்டது. மூக்குப் போகவேண்டிய இடத்துக்கு நேரே ஒரு கால் குழாய், அதைக் குறுக்கே வெட்டி ஒரு சாய்வுக் குழாய். மேலிருந்து இறக்கலாம் என்றால் சாரத்துக்கும் தூணுக்கும் நடுவில் அவ்வளவு இடமும் இல்லை.

இது சாரம் கட்டுகிறவன் மட்டும் விடக்கூடிய பிழை. எங்கள் கண் இருக்கிறதைச் சுற்றிக் கட்டிப் பழகியது. சுவர் இருந்தால் சுவரைச் சுற்றி, மரம் இருந்தால் மரத்தைச் சுற்றி. அங்கே இருந்தவை இரண்டு முளைகள். முளைகளைச் சுற்றி ஒழுங்காகக் கட்டியிருந்தோம். வரப்போகிற மூக்கு ஒருவர் கண்ணிலும் படவில்லை. கப்பல் மூக்கு ஆகாயத்தில் மெல்ல ஆடியது. பிறகு வந்த வழியே லொறிக்குத் திரும்பிப் போனது.

கரையில் வட்டமாக நின்றோம். "இந்தப் பக்கம் அளவெடுத்தது ஆர்?" என்று கட்டடக் கலைஞர் கேட்டார். தீபாவின் முகம் வெளுத்துவிட்டது. லேமன் எதையும் அவசரப்பட்டுச் சொல்கிறவர் அல்ல. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், வாயைத் திறந்தார்.

"நான்தான்," என்றேன் நான்.

யோசித்துச் சொல்லவில்லை. வயதுக்கு மூத்தவர், இந்த வேலையோடு ஓய்வு பெறப்போகிறவர், இத்தனை பேருக்கு முன்னால் தலை குனிந்து நிற்க நாங்கள் பார்த்துக்கொண்டிருப்பதா? எங்கள் ஆட்கள் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். செய்த பிறகு நெஞ்சு நிமிர்ந்தது என்றும் ஒத்துக்கொள்கிறேன்.

"இல்லை. நான்தான் எடுத்தனான்," என்றார் லேமன்.

முதலாளி சிரித்துவிட்டார். "லேமன், உமக்குப் பெரிய மனசு. கடைசி வேலையிலும் உம்முடைய ஆளைக் காப்பாத்தப் பாக்கிறீர்." கட்டடக் கலைஞரும் அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். லேமன் இன்னொருமுறை, "நான்தான்," என்றார். எல்லோரும் அன்பாகத் தலையாட்டினார்கள். ஒருவரும் நம்பவில்லை. அளவுநாடாவை ரோனியிடம் கொடுக்காதேயுங்கள் என்று சொல்லிவிட்டு, எப்படித் திருத்துவது என்ற பேச்சுக்குப் போய்விட்டார்கள்.

சாமான் பெட்டகத்தின் பின்னால் லேமன் என்னை மறித்தார்.

"என்னத்துக்கு அப்பிடிச் சொன்னனி?"

"நீங்கள் போகப்போற நேரத்திலை உங்களுக்கு ஒரு கெட்ட பேர் வரக்கூடாது எண்டுதான்."

"நான் கட்டின சாரம் நல்லா இருந்தால் அந்தப் பேர் ஆற்றை?"

"உங்கடை."

"பிழைச்சால்?"

நான் பெட்டகத்துப் பூட்டைத் திருகத் தொடங்கினேன்.

"நான் விட்ட பிழைக்கு என்ரை தோளிலை தட்டிப் பாராட்டுறாங்கள். இதைவிட வெட்கம் வேறை இருக்கோ?" என்றார். அப்போதும் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் காலை வரிசையாகக் கை கொடுத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொருவருக்கும் கையுறை கழன்றது. என் முறை வந்ததும் கையுறையை மாட்டிக்கொண்டு கை கொடுத்தார். தோல் கையுறை, ஈரம் காயாதது.

ரீற்றாவிடம் சொன்னேன். "லேமன்ரை பிழையை அவரிட்டைக் கேக்காமல் ஏன் எடுத்தனீங்கள்?" என்றாள்.

"மரியாதைக்கு."

"ஆற்றையும் பொருளைக் கேக்காமல் எடுக்கிறதுக்கு மரியாதை எண்டோ பேர்?"

அவள் சொல்லித்தான் முதலாளியின் அறைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் இன்னும் பலமாகச் சிரித்தார். "நீங்கள் ரெண்டு பேரும் நல்ல சோடிதான். போய் வேலையைப் பார் ரோனி," என்றார்.

தீபாவுக்கும் மனம் சரியில்லை. "அண்ணா, நீங்க சொன்னதும் எனக்கு முதல்ல ரிலீஃபா இருந்துச்சு. அப்புறம் லேமன் முகத்தப் பாத்தேன். அவர் மூணு நாளா என் சாப்பாட்டப் பத்தி ஒண்ணுமே கேக்கல," என்றாள்.

வழி கண்டுபிடித்தது தீபாவும் லேமனும்தான். ஏணியைப் படுக்கப் போட்டது போன்ற நீண்ட அலுமினிய உத்தரத்தை மூக்குக்கு மேலே குறுக்காகக் கட்டி, மேற்பாரத்தை அதில் சுமத்தி, பக்கத்துக் கால்களுக்குப் பிரித்துவிட்டு, தடையாக நிற்கிற குழாயை வெட்டாமல் கழற்றுவது. தீபா இரவு பகலாகக் கணக்குப் போட்டாள். லேமன் அதைப் படித்து, ஒரு இடத்தில் விரலை வைத்து, "இங்கை ரெண்டாவது பூட்டொண்டும் போடுவம்," என்றார். அவள் சரிபார்த்துவிட்டுப் போட்டாள். கழற்றும்போது காற்று விழும்வரை காத்திருந்தோம். ஒவ்வொரு பூட்டையும் கால்வாசிச் சுற்றுத் திருப்பி, நிறுத்தி, உத்தரம் எவ்வளவு வளைகிறது என்று தீபா கருவியில் பார்த்துச் சொல்ல, மறுபடி கால்வாசிச் சுற்று. குழாய் விடுபட்டது, நான் பிடித்தேன், "ஹாப்" என்றேன். சாரம் ஒரு முனகல் முனகிவிட்டு அப்படியே நின்றது.

மூக்கு உள்ளே போனது. கரையில் கைதட்டினார்கள். தீபா அழுதாள். லேமன் தூணைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். "இப்பிடியே விடலாம்" என்று சொல்வார் என்று காத்திருந்தோம். சொல்லவில்லை. மற்றவர்களுக்குக் காரணம் தெரியவில்லை. எனக்குத் தெரியும். தன் பெயர் இல்லாத சாரத்தைப் பற்றி அவர் என்ன சொல்வார்?

அந்த நாட்கள் முழுக்க அவர் என்னோடு பேசியது ஒரே ஒரு சொல். நான் கொடுக்கும்போது, "ஹாப்". அதைச் சொல்லாமல் இருக்க அவருக்கே ஏலாது. நானும் வெட்கமில்லாமல் அவருக்கு அடுத்த தட்டாகப் பார்த்து நின்றுகொள்வேன்.

கல் வேலை எல்லாம் முடிந்து சாரத்தைப் பிரித்தோம். கடைசி நாள் லேமனின் கடைசி நாளும்கூட. தீவில் மேசை போட்டு, கேக்கும் பியரும் வைத்து, முதலாளி, கட்டடக் கலைஞர், தீபா, எங்கள் ஆட்கள் எல்லோரும் நின்றார்கள். ரீற்றாவும் ஒரு பெட்டி றோல்ஸோடு வந்திருந்தாள். மிச்சம் இருந்தது கீழ் இரண்டு தட்டு. மேல்தட்டில் நான், எனக்குக் கீழே லேமன். கடைசிக் குழாயைக் கழற்றி அவருக்கு இறக்கினேன். இரண்டு கையாலும் பிடித்தார்.

சொல்லவில்லை.

நான் காத்திருந்தேன். அவர் குழாயைப் பிடித்தபடி அண்ணாந்து என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. வெறுமனே காத்துக்கொண்டிருந்தார். கீழே பேச்சு அடங்கியது. "என்ன பிடிச்சுப்போச்சோ?" என்று யாரோ கேட்டார்கள். என் தோள் நடுங்கத் தொடங்கியது. அவர் சொல்லாவிட்டால் என்னால் விட ஏலாது. அது அவருக்கும் தெரியும், அவர்தானே பழக்கினவர். அவருக்கு என்ன வேண்டும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"முதலாளி!" என்று கத்தினேன். "அந்தப் பக்கம் அளவெடுத்தது லேமன். பிழை விட்டது அவர். நான் பொய் சொன்னனான். அவர் உண்மை சொன்னவர், நீங்கள் ஒருத்தரும் நம்பேல்லை."

இந்த முறை முதலாளி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார், லேமனைப் பார்த்தார். "அப்ப நீர்தானா?" என்று கேட்டார்.

"நான்தான்," என்றார் லேமன். "மூக்கு வரும் எண்டதை மறந்துபோனன்."

முதலாளி மெல்லத் தலையாட்டினார். கட்டடக் கலைஞர் ஒருவரும் கேட்காமலே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

லேமன் வலது கையைக் குழாயிலிருந்து எடுத்து, கையுறையின் விரல் நுனியைப் பல்லால் கடித்து இழுத்துத் துப்பினார். அது பலகையில் விழுந்தது. வெறும் கையால் குழாயைத் திரும்பப் பிடித்தார்.

"ஹாப்," என்றார்.

நான் விட்டேன்.